எந்தப் பைதனைப் பற்றிப் பேசுகிறோம்?

“பைதன் முன்பைவிட வேகமாகிவிட்டது.” “பைதனைக் கட்டிவைத்திருந்த பூட்டு கழன்றுவிட்டது.” “பைபையில் ஓட்டினால் மூன்று மடங்கு வேகம்.” “16 கிலோபைட் நினைவகத்திலும் பைதன் ஓடும்.” அண்மை ஆண்டுகளில் கணினிச் செய்திகளைத் தொடர்ந்தவர்கள் இந்த வாக்கியங்களில் ஏதாவது ஒன்றையாவது கண்டிருப்பார்கள். நான்கிலும் உண்மை உண்டு. சிக்கல் என்னவென்றால், நான்கும் பேசுவது ஒரே மென்பொருளைப் பற்றி அல்ல.

இலங்கையில் உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தின் வழியே பைதன் வீடுகளுக்குள் வந்துவிட்டது. உவர்மலையில் உயர்தரம் எழுதப்போகும் மாணவருக்கும், கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் பயில்பவருக்கும் இதே கேள்விகள் எழுகின்றன: எதை நிறுவுவது? எது உண்மையான பைதன்? ஒன்றில் சரியாக ஓடியது இன்னொன்றில் ஏன் தடுமாறுகிறது? அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

மொழி வேறு, அதை ஓட்டும் மென்பொருள் வேறு

1. நிரல்மொழி என்பது விதிகளின் தொகுப்பு. இப்படி எழுதினால் இது நிகழ வேண்டும் என்று அது சொல்கிறது.

2. அந்த விதிகளைப் படித்து, எழுதப்பட்ட நிரலை உண்மையில் ஓட்டிக்காட்டும் மென்பொருள் ‘செயலாக்கம்’. ஒரே மொழிக்கு எத்தனை செயலாக்கங்களும் இருக்கலாம்.

திருகோணமலையிலிருந்து மூதூருக்குக் கொட்டியாரக் குடாவைப் படகில் கடந்தும் போகலாம், கிண்ணியாப் பாலம் வழியாகத் தரையில் சுற்றியும் போகலாம். புறப்படும் இடமும் சேரும் இடமும் மாறுவதில்லை. நேரமும் செலவும் ஏற்றக்கூடிய சுமையும் மாறுகின்றன. மொழியின் விதி இரண்டு கரைகளை மட்டுமே குறிக்கிறது. இடையில் எப்படிக் கடப்பது என்பது செயலாக்கத்தை எழுதுபவரின் முடிவு.

சாதாரண தரத்தில் பாஸ்கல் படித்தவர்களுக்கு இதன் உதாரணம் கைவசமே இருக்கிறது. 1 முதல் 8 வரையான எண்களைப் பெருக்கினால் 40320 வர வேண்டும். பாஸ்கலின் ஒரு செயலாக்கமான டர்போ பாஸ்கலில் ‘இன்டிஜர்’ என்ற முழு எண் வகை 16 பிட் அளவுடையது. அது 32767 வரைதான் தாங்கும். எனவே விடை -25216 என்று வந்து நிற்கும். டெல்ஃபி என்ற இன்னொரு செயலாக்கத்தில் அதே ‘இன்டிஜர்’ 32 பிட். விடை சரியாக வரும். ஃப்ரீ பாஸ்கலோ வழமையான நிலையில் 16 பிட்டாகவும், டெல்ஃபி நிலைக்கு மாற்றினால் 32 பிட்டாகவும் எடுத்துக்கொள்கிறது. நிரலில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

சி மொழியில் இந்தச் சுதந்திரம் எழுத்திலேயே இருக்கிறது. 1989இல் அமெரிக்கத் தரமாகவும் 1990இல் பன்னாட்டுத் தரமாகவும் வெளியான அதன் விதி ஆவணம், சில முடிவுகளைச் செயலாக்கம் எழுதுபவரிடமே விட்டுவிடுகிறது. 64 பிட் லினக்ஸில் ‘லாங்’ என்ற முழு எண் வகை 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். இரண்டுமே விதிக்கு உட்பட்டவை.

பைதனுக்கு அத்தகைய பன்னாட்டுத் தர ஆவணம் இல்லை. மொழிக் கையேடு ஒன்று இருக்கிறது. அது மௌனமாக இருக்கும் இடங்களில், முதன்மைச் செயலாக்கம் எப்படி நடந்துகொள்கிறதோ அதையே பலரும் மொழியின் விதியாக எடுத்துக்கொள்கிறார்கள். குழப்பங்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

யார் யார்?

1. சிபைதன். குவிடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்டதன் நேரடி வாரிசு. சி மொழியில் எழுதப்பட்டது. பைதனின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து தரவிறக்கினால் கிடைப்பது இதுவே. நிரலை முதலில் ‘பைட்கோட்’ என்ற இடைநிலை வடிவத்துக்கு மாற்றி, பிறகு அதை ஒவ்வொரு கட்டளையாக நிறைவேற்றுகிறது. ஆகவே, “சி கம்பைலர் மொழி, பைதன் இன்டர்பிரெட்டர் மொழி” என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் பிரிவினை அவ்வளவு துல்லியமானது அல்ல. அந்தக் குணம் செயலாக்கத்துக்கு உரியது, மொழிக்கு உரியது அன்று.

2. பைபை. ஆர்பைதன் எனப்படும் பைதனின் கட்டுப்படுத்தப்பட்ட வடிவத்தில் எழுதப்பட்டது. நிரல் ஓடும்போதே அதன் சூடான, அதாவது திரும்பத் திரும்ப ஓடும், பகுதிகளை இயந்திரக் கட்டளைகளாக மாற்றிக்கொள்கிறது. இந்த உத்திக்கு ஜேஐடி என்று பெயர்.

3. மைக்ரோபைதன். டேமியன் ஜார்ஜ் 2013இல் பொதுமக்களிடம் நிதி திரட்டித் தொடங்கியது. நகச்சிமிழ் அளவுள்ள சில்லுகளுக்கானது.

4. மற்றவை. ஜாவா இயந்திரத்தின்மேல் ஓடும் ஜைதன் இன்னமும் பைதன் 2.7இலேயே நிற்கிறது, பைதன் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1உடன் முடிந்துவிட்டதால், புதிதாகத் தொடங்குபவருக்கு அது தேவையில்லை. மைக்ரோசொஃப்டின் டாட்நெட் தளத்தில் அயர்ன்பைதன் உண்டு. ஆரக்கிளின் கிரால்பை இப்போது வளர்ந்துவருகிறது.

இந்தப் பட்டியலில் சேராதவற்றையும் சொல்ல வேண்டும். அனகொண்டா என்பது சிபைதனையும் பல லைப்ரரிகளையும் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகளையும்) ஒன்றாகக் கட்டித்தரும் பொதி. உலாவிக்குள் ஓடும் பையோடைட், சிபைதனையே உலாவிகள் ஓட்டக்கூடிய வெப்அசெம்பிளி வடிவத்துக்கு மாற்றியது. மாணவர்கள் கைத்தொலைபேசியில் நிறுவும் பைட்ராய்ட் 3இன் உள்ளே இருப்பதும் சிபைதன்தான். சைதன் என்பது பைதன் போன்ற நிரலைச் சி ஆக மாற்றும் தனிக் கருவி. சிபைதனோடு அதைக் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கலாம்.

வாக்குறுதியும் வழக்கமும்

செயலாக்கங்களை ஒப்பிடும்போது வேகத்தைவிட முக்கியமானது இந்தப் பகுதி. சிபைதன் செய்வதில் எது மொழியின் வாக்குறுதி, எது அதன் சொந்த வழக்கம்? நான்கு உதாரணங்களைப் பார்ப்போம்.

1. மூடாமல் விட்ட கோப்பு. நிரல் ஒரு கோப்பைத் திறந்து, அதில் எழுதி, மூடாமல் போய்விடுகிறது. சிபைதனில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அது ஒவ்வொரு பொருளையும் எத்தனை இடங்கள் பயன்படுத்துகின்றன என்று எண்ணிக்கொண்டே இருக்கிறது. எண்ணிக்கை சுழியமானதும் பொருளை அந்தக் கணமே அகற்றுகிறது. கோப்பும் அப்போதே மூடப்பட்டு, எழுதியது வட்டுக்குப் போய்விடும். பைபை இப்படி எண்ணுவதில்லை. தேவையற்ற பொருள்களை அவ்வப்போது மொத்தமாகத் திரட்டி அகற்றுகிறது. அதுவரை கோப்பு திறந்தே கிடக்கும். இடையில் வேறொரு நிரல் அதைப் படித்தால் பாதித் தரவுதான் கிடைக்கலாம். பழி பைபையின் மேல் விழும். ஆனால் உடனே மூடுவேன் என்று பைதன் மொழி எங்கும் உறுதி தரவில்லை. ‘வித்’ கட்டளைக்குள் கோப்பைத் திறந்தால் எல்லாச் செயலாக்கங்களிலும் அது உரிய நேரத்தில் மூடப்படும்.

2. ‘இஸ்’ சோதனை. இரண்டு பெயர்களும் நினைவகத்தில் ஒரே பொருளைச் சுட்டுகின்றனவா என்று கேட்பது ‘இஸ்’. சிபைதன் -5 முதல் 256 வரையான முழு எண்களை முன்கூட்டியே உருவாக்கி வைத்திருக்கிறது. அதனால் 256ஐ இருவேறு வழிகளில் கணித்து ‘இஸ்’ கொண்டு ஒப்பிட்டால் ‘ஆம்’ என்று வரும். 257ஐ அப்படிச் செய்தால் பெரும்பாலும் ‘இல்லை’. பைபையில் முழு எண்களுக்கு ‘இஸ்’ மதிப்பையே ஒப்பிடுகிறது, 257க்கும் ‘ஆம்’தான். எண்களை ஒப்பிட இரட்டைச் சமக்குறியைப் பயன்படுத்துபவருக்கு இந்த வேறுபாடு கண்ணிலேயே படாது.

3. சரங்களை ஒட்டுவது. ஒரு சுற்றுக்குள் எழுத்துச் சரத்தின் முடிவில் சிறு துண்டுகளைச் சேர்த்துக்கொண்டே போவது பலரின் பழக்கம். வேறு யாரும் அந்தச் சரத்தைப் பயன்படுத்தவில்லை என்று எண்ணிக்கை காட்டினால், சிபைதன் அதை நகல் எடுக்காமல் இருந்த இடத்திலேயே நீட்டுகிறது. எண்ணிக்கையே வைத்திராத பைபையால் இந்தத் தந்திரத்தைச் செய்ய முடியாது. ஒவ்வொரு முறையும் முழுச் சரமும் நகலாகும். வேகமானது என்று பெயரெடுத்த செயலாக்கம் மெதுவாக ஓடும் விசித்திரம் இங்கே நிகழ்கிறது. துண்டுகளைப் பட்டியலில் சேர்த்து, கடைசியில் ‘ஜாயின்’ செய்தால் இரண்டிலும் நன்றாக ஓடும்.

4. அகராதியின் வரிசை. ஒரு வழக்கம் எப்படி விதியாகிறது என்பதைக் காட்டும் கதை இது. பெயரையும் அதற்குரிய மதிப்பையும் இணையாக வைக்கும், ‘டிக்ட்’ எனப்படும் பைதனின் அகராதி முன்பு எந்த வரிசையையும் காக்கவில்லை. போட்ட ஒழுங்கு வேறு, எடுக்கும் ஒழுங்கு வேறாக இருந்தது. 2012இல் ரேமண்ட் ஹெட்டிங்கர் என்ற சிபைதன் பங்களிப்பாளர், அகராதியை நினைவகத்தில் இன்னும் நெருக்கமாக அடுக்கும் முறையொன்றை முன்மொழிந்தார். நோக்கம் இடத்தை மிச்சப்படுத்துவது. போட்ட வரிசை காக்கப்படுவது அதன் பக்கவிளைவு. யோசனையை முதலில் செயலில் கொண்டுவந்தது பைபை, 2015இல். சிபைதன் 2016 இறுதியில் வந்த 3.6ஆம் பதிப்பில் அதைப் பின்பற்றியது. இது செயலாக்கத்தின் தன்மை மட்டுமே, நம்பிவிடாதீர்கள் என்று எச்சரித்தும் வைத்தது. யாரும் கேட்கவில்லை, எல்லோரும் நம்பினார்கள். 2018இல் 3.7 வெளியானபோது அது மொழியின் வாக்குறுதியாகவே அறிவிக்கப்பட்டது. மைக்ரோபைதனின் சாதாரண அகராதி இன்றும் வரிசையைக் காப்பதில்லை. கணினியில் ஒழுங்காக அச்சாகிய பட்டியல், மைக்ரோபைதன் ஓடும் சிறு மின்னணுப் பலகையில் கலைந்து வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

வேகம் எங்கிருந்து வருகிறது, எங்கே காணாமல் போகிறது?

பைபைக் குழு தன் சோதனைத் தொகுப்பின் சராசரியில் சுமார் மூன்று மடங்கு வேகம் என்கிறது. இது பொய்யில்லை. பைதனிலேயே எழுதப்பட்ட நீண்ட சுற்றுகள் கொண்ட நிரல் சில சமயம் அதைவிடவும் விரைவாக ஓடும். காரணம் ஜேஐடி. ஒரு சுற்று சுமார் ஆயிரம் முறை ஓடியதும், அதன் பாதையைப் பதிவு செய்து, அந்தப் பாதைக்கு மட்டும் பொருந்தும் இயந்திரக் கட்டளைகளைப் பைபை உருவாக்குகிறது. அதன்பின் ஒவ்வொரு கூட்டலின்போதும் இது முழு எண்ணா, சரமா என்று முழு விசாரணை நடத்த வேண்டியதில்லை.

இதிலிருந்தே அதன் எல்லையும் தெரிகிறது. அரை விநாடியில் முடியும் சிறு நிரல் சூடாவதற்குள் முடிந்துவிடும்; அங்கே பைபை சிபைதனைவிடப் பின்தங்கக்கூடும்.

இரண்டாவது எல்லைதான் நடைமுறையில் பெரியது. உப்புவெளியில் ஒரு விடுதி தன் ஐந்தாண்டு அறைப் பதிவுகளைப் பாண்டாஸ் என்ற தரவு ஆய்வு லைப்ரரி கொண்டு ஆராய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாண்டாஸும் அதன் அடியில் இருக்கும் எண் கணிப்பு லைப்ரரியான நம்பையும் கடுமையான வேலையைச் சி போன்ற மொழிகளில் எழுதப்பட்ட பகுதிகளில் செய்கின்றன. அந்தப் பகுதிகள் சிபைதனின் உள்ளமைப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பைபை அவற்றைப் பயன்படுத்த வேண்டுமானால், சிபைதன்போல வேடமிடும் ஓர் இடைத்தளத்தைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு கடப்புக்கும் செலவு உண்டு. மூன்று மடங்கு வேகத்தை எதிர்பார்த்து மாறியவர் மெதுவான நிரலோடு நிற்கலாம். லைப்ரரியே பெரும்பகுதி வேலையைச் செய்யும் நிரல்களுக்குப் பைபையைத் தேடிப் போவது என் பார்வையில் வீண் அலைச்சல்.

சிபைதனும் சும்மா இருக்கவில்லை. 2022 ஒக்டோபரில் வந்த 3.11, முந்திய 3.10ஐவிடச் சராசரியாக 25 வீதம் வேகமானது. நிரலைப் பொறுத்து 10 முதல் 60 வீதம் வரை. அடிக்கடி ஓடும் பைட்கோட் கட்டளைகளை, அவை கையாளும் தரவு வகைக்கு ஏற்ற குறுகிய வடிவங்களாக ஓடும்போதே மாற்றிக்கொள்வது இதன் முக்கிய உத்தி. “பைதன் வேகமாகிவிட்டது” என்ற செய்தியின் மூலம் இதுவே.

பூட்டு கழன்றதா?

சிபைதன் பொருள்களின் பயன்பாட்டை எண்ணுகிறது என்று பார்த்தோம். ஒரு நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலைகளுக்கு இழைகள் என்று பெயர். இரண்டு இழைகள் ஒரே எண்ணிக்கையை ஒரே நேரத்தில் மாற்றினால் கணக்கு பிழைக்கும். இன்னும் பயன்பாட்டில் இருக்கும் பொருள் அழிந்துபோகலாம். இதைத் தவிர்க்கச் சிபைதன் ஒரு பொதுப் பூட்டை வைத்தது. பூட்டை வைத்திருக்கும் இழை மட்டுமே பைதன் கட்டளைகளை ஓட்டலாம். எட்டுக் கருக்கள் (தனித்தனிக் கணிப்பு அலகுகள்) கொண்ட செயலியிலும் ஒரு கருவின் வேலைதான் நடக்கும். ஜிஐஎல் என்று அழைக்கப்படுவது இதுவே.

1. பூட்டு மொழியின் விதி அல்ல. ஜைதனிலும் அயர்ன்பைதனிலும் அது இல்லை. பலர் நினைப்பதற்கு மாறாக, பைபையில் இருக்கிறது.

2. 2024 ஒக்டோபரில் வந்த சிபைதன் 3.13, பூட்டு நீக்கிய தனி வடிவம் ஒன்றைப் பரிசோதனையாகத் தந்தது. 2025 ஒக்டோபரில் வந்த 3.14இல் அது அதிகாரபூர்வ ஆதரவு பெற்றது.

3. ஆனாலும் அது தனி வடிவம்தான். வழமையான நிறுவியைச் சொடுக்கி நிறுவியவரின் கணினியில் பூட்டு அப்படியே இருக்கிறது.

4. பூட்டை எடுப்பதற்கு ஒரு விலை உண்டு. ஒற்றை இழையில் ஓடும் நிரல் 3.14இன் பூட்டற்ற வடிவத்தில் சுமார் 5 முதல் 10 வீதம் மெதுவாகிறது.

சிபைதனுக்குள்ளும் ஒரு ஜேஐடி 3.13 முதல் வந்திருக்கிறது. பைபையின் ஜேஐடியோடு அதை ஒப்பிடும் காலம் இன்னும் வரவில்லை. 3.14இன் ஆவணமே 10 வீதம் மெதுவாவதிலிருந்து 20 வீதம் வேகமாவது வரை எதுவும் நிகழலாம் என்கிறது. விண்டோஸ், மாக் நிறுவிகளில் அது உள்ளே இருந்தாலும், நாமாக இயக்காவிட்டால் உறங்கிக்கொண்டே இருக்கும்.

சிறு பலகையில் ஓடும் பைதன்

மைக்ரோபைதன் 256 கிலோபைட் நிரல் இடத்திலும் 16 கிலோபைட் நினைவகத்திலும் ஓடுமாறு வடிவமைக்கப்பட்டது. ராஸ்பெரி பை பிகோ பலகையில் 264 கிலோபைட் நினைவகம் இருப்பதால் அது அங்கே வசதியாகவே உட்காருகிறது. சிறிய இடத்தில் அடங்குவதற்காகப் பலவற்றைக் கைவிட்டிருக்கிறது: சிபைதனுடன் வரும் லைப்ரரிகளில் ஒரு பகுதிதான் உண்டு, அடித்தளம் பைதன் 3.4இன் இலக்கணம், அதன்மேல் பிற்பதிப்புகளிலிருந்து தேர்ந்தெடுத்த சில வசதிகள்.

கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளின் வெப்பநிலையை மணிக்கொரு முறை பதிவு செய்ய ஒரு மாணவர் குழு முயல்கிறது என்று கொள்வோம். வெப்பநிலையில் பிரச்சினை வராது. நேரத்தில் வரும்.

முதலாவது, கணினியில் பைதன் நேரத்தை 1970 ஜனவரி 1இலிருந்து கடந்த விநாடிகளாக எண்ணுகிறது. மைக்ரோபைதன் சில பலகைகளில் 2000 ஜனவரி 1இலிருந்து எண்ணுகிறது. இடைவெளி 946684800 விநாடிகள். பலகை பதிந்த எண்ணைக் கணினி அப்படியே வாசித்தால், பதிவுகள் முப்பது ஆண்டுகள் பின்னுக்குப் போய் நிற்கும்.

இரண்டாவது, பிகோ போன்ற பலகைகளில் தசம எண்கள் 32 பிட் அளவுடையவை. சுமார் ஏழு இலக்கங்கள்தான் நம்பகமானவை. சிபைதன் 64 பிட்டில் பதினைந்து இலக்கங்களைக் காக்கிறது. 1970இலிருந்து எண்ணிய இன்றைய விநாடிக் கணக்கு பத்து இலக்க எண். அதை 32 பிட் தசம எண்ணாக மாற்றினால், அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு இடையே 128 விநாடிகள் இருக்கும். நேரத்தை முழு எண்ணாகவே வைத்திருந்தால் இந்த இழப்பு இல்லை.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாண்டாஸ் ஓடும் சிபைதனை அந்தப் பலகையில் ஏற்றவே முடியாது.

தாமே அளந்து பார்க்க விரும்புவோருக்கு

1. ஒரே மொழிப் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பைபை சிபைதனுக்குச் சில பதிப்புகள் பின்னால்தான் வரும். பைபையின் 3.11ஐச் சிபைதன் 3.8உடன் ஒப்பிட்டு வெற்றி அறிவிப்பது நியாயமில்லை.

2. தொடங்கும் நேரத்தையும் ஓடும் நேரத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள். ஜேஐடி உள்ள செயலாக்கத்தில் முதல் ஓட்டமும் பத்தாவது ஓட்டமும் வேறு வேறு கதை சொல்லும்.

3. திருகோணமலையின் ஓகஸ்ட் மதியத்தில், மின்விசிறி மட்டும் சுழலும் அறையில், மடிக்கணினி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதலில் ஓடிய செயலாக்கம் வென்றது, இரண்டாவது தோற்றது என்று அதனால்கூட வரலாம். இரண்டையும் மாறி மாறி ஓட்டுங்கள். மின்வெட்டின்போது மின்கலத்தில் எடுத்த அளவை, மின்சாரத்தில் எடுத்ததோடு கலக்காதீர்கள்.

4. நினைவகப் பயன்பாட்டையும் பாருங்கள். பைபையின் வேகத்துக்குப் பெரும்பாலும் கூடுதல் நினைவகம் விலையாகிறது. நான்கு கிகாபைட் கொண்ட பழைய ஆய்வுகூடக் கணினியில் அது உறைக்கும்.

5. வெளியிலிருந்து எடுத்த சோதனை நிரலைவிட உங்கள் நிரலையே ஓட்டுங்கள். உயர்தரப் பாடத்துக்கும் தரவு வேலைக்கும் வழமையான சிபைதன் போதும். பைதனிலேயே எழுதிய கணிப்பு பல நிமிடங்கள் ஓடுகிறது, நம்பை போன்ற எதுவும் அதில் இல்லை என்றால், பைபையைத் தரவிறக்கி அதே கோப்பை ஒரு மாற்றமும் செய்யாமல் ஓட்டிப் பார்க்கலாம். அதைச் சிபைதனின் பக்கத்திலேயே தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்ளலாம்; ஏற்கெனவே நிறுவியதை நீக்க வேண்டியதில்லை.